மார்கழி நிழல் இல்லாத வரைபடம்

எங்கள் வீட்டுக்குத் தெற்குப் பக்கத்து வீடு என் அண்ணையுடையதாக இருந்தது. மொன்றியலுக்கு எதிர்க்கரையில் உள்ள லொங்குய்யில், அந்தத் தெருவில் முதலில் வீடு வாங்கிய தமிழர் அவர்தான். பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தபோது எங்களை வாங்கச் சொன்னவரும் அவர்தான். வாங்கச் சொன்னார் என்பது சரியில்லை, வாங்க வைத்தார். அவரே வந்து கூரையைப் பார்த்தார், பேஸ்மன்ட் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார், உறுதி எழுதுகிறவரிடம் எங்களுக்காகப் பிரெஞ்சில் கதைத்தார். என்னையும் கணவரையும் இந்த நாட்டுக்கு எடுத்தவர் அவர். அவர் சொன்னால் மறுத்துக் கதைக்கிற பழக்கம் எங்கள் இருவருக்குமே இருக்கவில்லை.

ஊரில் நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவள். இங்கே இருபத்தாறு வருடம் ஒரு கார்டரியின் சமையலறையில் நின்றேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம் அது. கரட் அவிப்பது, அவித்ததை மசிப்பது, அறுபது சின்னக் கோப்பைகளைக் கழுவுவது. வந்த புதிதில் என் சான்றிதழ்களை ஒரு மட்டைக் கோப்பில் போட்டு அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மறுபடி படித்து ஆசிரியராகலாமா என்று கேட்டேன். அவர் மட்டையைத் திறக்கவேயில்லை. உந்தப் பேப்பரெல்லாம் இங்கே சரிவராது என்று சொல்லிவிட்டு, கார்டரியின் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார். கோயிலில் யாராவது கேட்டால், "இது தங்கச்சி, கார்டரியிலை வேலை" என்பார். அது பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் செருப்பைத் தேடுகிற சாட்டில் விலகிப் போய்விடுவேன்.

சோலார் பனல் போடவேண்டும் என்று நான் சொன்னபோது கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அரை வருடம் பனி கிடக்கிற ஊரில் என்ன வெயில் என்றார்கள். ஆற்றுத் தண்ணீரில் எடுக்கிற கரண்ட் இங்கே மலிவு, இதற்குள் உனக்கென்ன விசர் என்றார்கள். கணவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

"கரண்ட் நிண்டா உது எரியுமோ?"

"இல்லை. லைனிலை வேலை செய்யிற ஆக்களுக்கு அடிச்சுப்போடும் எண்டு அதுவும் தானா நிண்டிடும்."

"பேந்தென்னத்துக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பனலுக்குக் குளிர் பகையில்லை என்பது எனக்குத் தெரியும். வெப்பம்தான் அதைச் சோர வைக்கும். ஆடி மாதத்துப் புழுக்கத்தில் உள்ளதைவிட, நிலமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற ஒரு பங்குனி மத்தியானத்தில் அது உசாராக வேலை செய்யும். குறுகிய பகலும், மேலே படிகிற பனியும், நிழலும்தான் பிரச்சினை. பகலை நீட்ட முடியாது. பனியை வழிக்கலாம். நிழல் விழாத கூரையாக இருந்தால் போதும். இதையெல்லாம் நான் யாரிடமும் படிக்கப் போகவில்லை, எனக்குத் தெரிந்த பாடம். எனக்குத் தெரிந்த பாடத்தில் ஒரு காரியமாவது இந்த நாட்டில் செய்துவிட்டுச் சாகவேண்டும் என்று இருந்தது. அதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு வருடம் நிழலை அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், வெயில் இருந்தால், கூரையில் எந்த இடம் வரை நிழல் ஏறுகிறது என்று பார்த்துக் கொப்பியில் கீறி வைத்தேன். மார்கழியில் சூரியன் எவ்வளவு தாழப் போகிறது என்பதை அந்த வருடம்தான் ஒழுங்காகக் கவனித்தேன். மத்தியானத்திலும் அது அண்ணையின் வீட்டு முகட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கும். அவருடையதும் எங்களுடையதைப் போல மாடியில்லாத ஒரு தட்டு வீடு, அதனால் அந்த வீட்டு நிழல் எங்கள் கூரைக்கு ஏறவில்லை. அவர் பின்வளவில் நின்ற மேப்பிள் மரத்தின் நிழல் மட்டும் ஏறியது.

கொப்பியை எடுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். மாசி மாதம், அவர் கராஜில் பனி தள்ளும் மெஷினைத் திருத்திக்கொண்டிருந்தார். மார்கழி, மாசி, பங்குனி என்று ஒவ்வொரு படமாகக் காட்டி, மரத்தின் வடக்குக் கிளைகளை மட்டும் தறிக்கலாமா என்று கேட்டேன். அவர் கொப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வடிவாகப் பார்த்தார். பல கேள்விகள் கேட்டார். தன் வீடு இன்னும் உயரமாக இருந்தால் நிழல் எவ்வளவு தூரம் வரும் என்றுகூடக் கேட்டார். நான் சந்தோசமாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பௌதிகத்தில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உனக்கு வெயில்தானே வேணும், பிள்ளை. கிளை என்ன, மரத்தையே தறிச்சு விடுறன்" என்றார்.

அனுமதி எடுத்து, ஆள் பிடித்து, மரத்தை அடியோடு தறித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம், பாசத்தை வெளியில் காட்டத் தெரியாத மனிசன், ஆனால் மனம் பெரிது என்று சொன்னேன். கணவரும் ஓம் என்றார்.

வைகாசியில் பனல்கள் ஏறின. இரண்டு வரிசை, தெற்குப் பார்த்த சரிவில். பூட்ட வந்தவர்கள் ஏணியில் நிற்கும்போது நான் கீழே நின்று சாய்வு சரியா என்று பார்த்தேன். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, மதாம், நீங்கள் எஞ்சினியரா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, சிரித்துச் சமாளித்தேன். எடுக்கிற கரண்டையும் கொடுக்கிற கரண்டையும் கணக்கிட, இரண்டு பக்கமும் ஓடுகிற புது மீற்றர் வந்தது. அன்று அண்ணையும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். அண்ணை முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்து, நல்ல வடிவாய் இருக்கு என்றார். இரண்டு தரம் சொன்னார். பிறகு ஆட்டிறைச்சிக் கறியைப் பற்றிக் கதைத்தார்.

முதல் மாரியில் நான் கூரைப் பனியை நீண்ட கோலால் வழித்தேன். கீழே நின்றே எட்டலாம். வேலைக்குப் போகுமுன் இருட்டில் வழிக்கத் தேவையில்லை, ஏனென்றால் அந்த வருடம்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். மார்கழியில் கரண்ட் கொஞ்சம்தான் வந்தது. வரும் என்று நான் எதிர்பார்த்த அளவுதான் வந்தது, அதுவே எனக்குப் பெரிய காரியம். மாசியில் ஏறியது. பங்குனியில், இரண்டு நாள் பனி கொட்டி மூன்றாம் நாள் வானம் வெளித்தபோது, மீற்றர் பின்னோக்கி ஓடியதைப் பார்க்கக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சப்பாத்தும் போடாமல் வந்து நின்று பார்த்தார். "அட, உண்மைதான்" என்றார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டிய சந்தர்ப்பங்களில் அதையும் சேர்க்கலாம்.

சித்திரையில் பல் டொக்டரிடம் போய்விட்டு பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறேன், அண்ணை வீட்டு முன்புல்லில் ஒரு பலகை நட்டிருந்தது. பிரெஞ்சில் எழுதியிருந்தது. என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. கரண்டி, ஒவ்வாமை, கடலை போடாதே. ஆனாலும் இடிப்பது என்ற சொல் தெரியும். நான்கு என்ற எண் தெரியும். மாடி என்ற சொல்லும் தெரியும். பலகையைப் படம் எடுத்து, மொன்றியலில் வேலை செய்கிற மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள். அந்த வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடியில் வாடகை வீடுகள் கட்டப் போகிறார்கள் என்றாள். "மாமா உங்களுக்குச் சொல்லேல்லையா?" என்று கேட்டாள்.

நேரே அண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணிதான் திறந்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா. அண்ணை ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றும் முடிவில்லை, சும்மா கதைத்துப் பார்க்கிற கட்டம்தான், பேந்து ஆறுதலாகக் கதைப்பம் என்றார். நான் நம்பிக்கொண்டு திரும்பி வந்தேன். நம்பினேன் என்பதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, கட்டடக்காரர்கள் அயலவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள், பக்கத்துத் தேவாலய மண்டபத்தில். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். அண்ணை வரவில்லை. கட்டடக்காரரின் ஆள் ஒருவர், நல்ல வடிவாய் உடுத்த இளம் மனிதர், திரையில் படங்களைக் காட்டினார். எவ்வளவோ காலமாக இதற்கு உழைக்கிறோம், காணிக்காரருடன் உடன்பாடு எழுதியே ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லி, திகதியையும் சொன்னார். மகள் என் காதுக்குள் மொழிபெயர்த்தாள். நான் மறுபடி கேட்டு உறுதிப்படுத்தினேன். போன வருடத் தை மாதம். மரத்தைத் தறிக்கிறேன் என்று அவர் சொன்னதற்கு ஒரு மாதம் முந்தி. பனல் பூட்டியதற்கு நான்கு மாதம் முந்தி.

மரம் எப்படியும் போகிற மரம். கட்டடக்காரர்கள் அதை எப்படியும் தறித்திருப்பார்கள். கராஜில் நின்று, வீடு உயரமாக இருந்தால் நிழல் எவ்வளவு தூரம் வரும் என்று அவர் கேட்டது அவருடைய ஒரு தட்டு வீட்டைப் பற்றியல்ல, வரப்போகிற கட்டடத்தைப் பற்றி என்பது அந்த மண்டபத்தில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு நிழல் வரைபடம் வந்தது. அயலவர்களின் வளவில் எவ்வளவு நிழல் விழும் என்று கீறிய படம். பங்குனியில் ஒன்று, ஆனியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று. ஆனியில் நிழல் அவர்களின் வளவுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. பங்குனியிலும் புரட்டாதியிலும் எங்கள் கூரையின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்தது. சனம் தலையாட்டியது. நான் கை உயர்த்தினேன். மகள் எழுதித் தந்த இரண்டு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். மார்கழிப் படம் எங்கே?

அது வழக்கமாகக் கீறுவதில்லை, மதாம் என்றார் அவர். மார்கழியில் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் நிழல்தானே.

என் கொப்பியை எடுத்துக்கொண்டு முன்னே போனேன். மார்கழியில் சூரியன் நிற்கிற உயரத்தை நானே அளந்திருக்கிறேன் என்றேன். நான்கு மாடியின் நிழல் என் கூரையைத் தாண்டி அடுத்த வளவுக்கும் போகும் என்றேன். ஐப்பசி தொடங்கி மாசி முடியும் மட்டும் என் பனல்கள் இருட்டில் கிடக்கும், பங்குனியில்கூட ஒரு வரிசையின் ஓரத்தில் நிழல் விழுந்தால் முழு வரிசையும் சோரும் என்றேன். பாதி எனக்கே விளங்காத பிரெஞ்சு. மகள் எழும்பி வந்து பக்கத்தில் நின்று மீதியைச் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டார். கொப்பியைப் படம் எடுக்கலாமா என்றுகூடக் கேட்டார். வெயிலுக்கு இவ்வளவு உரிமை என்று காணி உறுதியில் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை என்றும் மரியாதையாகவே சொன்னார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருப்பதாகச் சொன்னாள். ஒரு வீடு தேடி ஒரு வருடமாக அலைகிறேன், இவர்கள் வெயிலைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றாள். அவளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. நாங்களும் வந்த புதிதில் யன்னல் இல்லாத பேஸ்மன்டில் மூன்று வருடம் இருந்தவர்கள்தான். நான் என் இடத்துக்குப் போய் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு கூட்டம் கார் நிறுத்த இடம் போதுமா என்பதைப் பற்றித்தான் கதைத்தது.

அடுத்த நாள் காலை அண்ணையிடம் போனேன். குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே கேட்டேன்.

"தை மாதமே எழுதிக் குடுத்திட்டியள். பேந்து மாசியிலை என்ரை கொப்பியைப் பாத்தியள். வைகாசியிலை வந்து சாப்பிட்டுப் போனியள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை."

அவர் கோப்பையை வைத்தார். அண்ணிக்கு முழங்கால் ஏலாது, எனக்கும் இனிப் பனி தள்ள முடியாது, வீட்டை விற்காமல் என்ன செய்ய என்றார். அது உண்மைதான். விற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை, சொல்லாததைப் பற்றித்தான் கேட்கிறேன் என்றேன். முதலே சொல்லியிருந்தால் நீ ஊரைக் கூட்டி, மனுப் போட்டு, அவர்கள் விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள் என்றார். நான் ஓடவைத்திருக்க மாட்டேன், பனலைத்தான் போடாமல் விட்டிருப்பேன் என்றேன். அவர் குரலை உயர்த்தாமல், என் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"உன்னைக் கனடாவுக்கு எடுத்தது நான். வேலை எடுத்துத் தந்தது நான். வீடு பாத்துத் தந்தது நான். இனி வெயிலும் நான்தான் தரவேணுமோ?"

அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் வெளியே வந்து படியில் நின்றேன். அவருக்குச் சொல்ல எவ்வளவோ வந்தது. சான்றிதழ் மட்டை வந்தது, கார்டரி வந்தது, இருபத்தாறு வருடம் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்குமா என்று தெரியாது. சொல்லாதது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அந்தக் கோடையில் அண்ணை வீட்டை இரண்டு நாளில் இடித்தார்கள். அடுத்த ஐப்பசிக்குள் நாலாம் மாடி எழும்பிவிட்டது. கார்த்திகையில் ஒரு நாள் காலை குசினி இருட்டாக இருந்தது. மழைக்காரென்று நினைத்து யன்னலால் எட்டிப் பார்த்தேன், எதிர்ப்பக்க வீடுகளில் நல்ல வெயில். என் கணக்கு ஒரு சாண்கூடப் பிழைக்கவில்லை. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பனல்களைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டலாமா என்று விசாரித்தோம். வடக்குச் சரிவில் பூட்டிப் பயனில்லை, முற்றம் முழுக்க நிழல். வந்து பார்த்தவர், கோடையில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பனி விழுந்தால் இப்போது வழிப்பதில்லை. கணவர் ஒரு நாள் கோலை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார், நான்தான் வேண்டாம் என்று மறித்தேன்.

அண்ணை பக்கத்து ஊரான புரோசார்ட்டில், உயர்ந்த கட்டடம் ஒன்றில், ஒன்பதாம் மாடியில் வீடு வாங்கினார். புது வீட்டுப் பால் காய்ச்சலுக்குக் கணவர் மட்டும் பழத்தட்டோடு போய்வந்தார். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னாராம். எனக்குக் காய்ச்சல் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றரை வருடம் நாங்கள் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவரே தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்தார். அண்ணியின் முழங்காலைப் பற்றிச் சொன்னார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

"இஞ்சை எங்கடை கட்டடத்துக் கூரையிலை சோலார் போடுறதெண்டு கதைக்கினம். ஆருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. என்ரை தங்கச்சி பௌதிக ரீச்சர் எண்டு சொல்லிப்போட்டன். ஒருக்கா வந்து விளங்கப்படுத்துவியோ?"

தொலைபேசியை வைத்துவிட்டிருக்க வேண்டும். கணவரும் அதையே சொன்னார், உன் அண்ணருக்கு வெட்கம் என்ற ஒன்று கிடையாது என்றார். ஆனால் பௌதிக ரீச்சர் என்று அவர் சொன்னது எனக்குள் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பது வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயால் வந்து நான் கேட்டதில்லை. போனேன். போனதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் போனேன்.

கீழ்த்தளத்துக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், சீனர்கள், கியூபெக்காரர்கள், இரண்டு தமிழ்க் குடும்பம். அண்ணை எழும்பி, இது என் தங்கை, பௌதிகப் பேராசிரியர் என்று பிரெஞ்சில் சொன்னார். நான் பேராசிரியர் இல்லை. திருத்தவில்லை. முதலில் கூரைக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். நாலா பக்கமும் வெளி, அதைவிட உயரமாக அக்கம்பக்கத்தில் ஒன்றுமில்லை. குளிர் பகையில்லை என்று தொடங்கி எல்லாம் சொன்னேன். மார்கழியில் எதிர்பார்க்காதீர்கள், பங்குனியை எதிர்பாருங்கள் என்றேன். தட்டையான கூரையில் சாய்த்துப் பூட்டுங்கள், பனி தானாக வழுக்கும் என்றேன். மூன்று பேர் கொப்பியில் எழுதினார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். உங்கள் வீட்டிலும் பனல் இருக்கிறதா என்று ஒரு வயதான சீன அம்மா கேட்டா. இருக்கிறது என்றேன். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டா. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல பனல்தான் என்று சொன்னேன்.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ்ஸில் வந்தேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் அவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தேன் என்பது பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர்கள் அடுத்த கோடையில் பனல் பூட்டினார்கள். நான் சொன்ன சாய்வில்தான். இப்போது மாதத் தொடக்கத்தில் அண்ணை எனக்கு ஒரு படம் அனுப்புகிறார். அவர்கள் கட்டடத்துக் கூரை போன மாதம் எவ்வளவு கொடுத்தது என்று காட்டுகிற திரையின் படம். கீழே ஒரு சொல்லும் எழுதுவதில்லை. நானும் பதில் போடுவதில்லை. எண்களைப் பார்க்கிறேன், போன மாதத்தோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறேன், பிறகு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினி லைற்றைப் போடுகிறேன்.